அந்தப் பக்கம் திரும்பு

அத்தியாயம் 9

போன வாரம் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட விட்டுவிட்டுப் போனோம். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே இருக்கிறவர்களின் வாயும் அப்படித்தான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. வண்டி ஒரு பழைய மூடு வேன். அதற்குச் சொந்தக்காரர் வெல்டர். எழுபத்தாறு வயசு. அவர் பள்ளிக்கூடப் படியை மிதித்தது, அதன் இரும்பு கேட்டைப் பற்றவைக்கப் போன அன்றைக்குத்தான். யாரையும் நம்ப மாட்டார். கொடுத்த சில்லறையை மட்டுமில்லை, கொடுத்தவன் முகத்தையும் இரண்டு தடவை பார்ப்பார்.

வண்டியின் பின்பக்கம் மெத்தை போட்டுப் படுத்திருப்பது துரு. பதிமூன்று வயசு நாய். துருப்பிடித்த தகரத்தின் நிறம், அதனால் அந்தப் பேர். வெல்டர் நம்புகிற ஒரே ஜீவன். ஒரு வருஷமாக இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, சுவரில் முட்டி முட்டி நடக்கிறது.

மூன்று நாள் பயணத் தூரத்தில் ஒரு பெரிய கால்நடை ஆஸ்பத்திரி. அங்கே கண் டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். இன்று நாலு மணிக்குள் நாயைக் காட்டிவிட்டால் நாளைக் காலையில் ஆபரேஷன். தவறினால் இன்னும் மூன்று மாதம். அவ்வளவு நாள் தள்ளினால் இந்த வயசுக்கு மயக்க மருந்து தாங்காது என்று உள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

வெல்டரின் கண்ணும் ஒழுங்கில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். மகனுக்கு மருந்துக் கிடங்கில் லீவு கிடைக்கவில்லை. ஆகவே ஓட்டுகிறவள் மருமகள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், இப்போது விடுமுறை. பிள்ளைகள் 'டிரைவரம்மா' என்று கூப்பிடுவார்கள். வெல்டருக்கு அதில் பாதிதான் சம்மதம். அம்மாதான், டிரைவரா என்பதில் சந்தேகம்.

இதற்கு மேல் மனசில் ஒரு ஆணி. நேற்றுச் சாயங்காலம் தங்கின இடத்து வராந்தாவில் அவள் புருஷனோடு போனில் பேசியது இவர் காதில் விழுந்தது. "இன்னும் சொல்லலைங்க. மாமா எப்படி எடுத்துக்குவாரோன்னு பயமா இருக்கு." என்ன சொல்லவில்லை? வீட்டை விற்கப் போகிறார்களா? தன்னைக் கொண்டுபோய் எங்கேயாவது தள்ளப் போகிறார்களா? கேட்கவும் வாய் வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

காலையிலிருந்து ரோட்டைப் பார்த்துச் சிடுசிடுத்துக்கொண்டே வருகிறார்.

"ஏம்மா, அந்தப் பள்ளம் உன்னை என்ன பண்ணுச்சு? தேடித் தேடிப் போய் விடுறியே."

"அது பள்ளம் இல்ல மாமா, வேகத்தடை. எல்லாரும் ஏறித்தான் போகணும்."

"உன் பஸ் பிள்ளைங்க எல்லாம் பல்லோடதான் இருக்குதுங்களா?"

"விழுற வயசுதானே மாமா. நானும் கொஞ்சம் உதவி பண்றேன்."

வெல்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பு வந்தால் அதை ஜன்னலுக்குத்தான் காட்டுவார்.

மணி ஒன்று. பெட்ரோல் பங்க் ஒன்று வந்தது.

"அந்த மரத்தடியில நிறுத்தட்டுமா மாமா? நாலு லாரி நிக்குது, நல்ல நிழல்."

"லாரிக்காரன் பக்கத்துல எவனாவது வண்டியை விடுவானா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள டீசலை உறிஞ்சிடுவான்."

"நம்ம வண்டி பெட்ரோல்ல ஓடுறது மாமா."

"அது அவனுக்குத் தெரியுமா? குழாயைப் போட்டு உறிஞ்சிப் பாத்துட்டுத்தானே தெரிஞ்சுக்குவான்! தள்ளிப் போய் நிறுத்து."

தள்ளிப் போய், மதில் ஓரமாக, மொட்டை வெயிலில் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்ததும் பின்பக்கத்துச் சின்ன மின்விசிறியும் நின்றது.

"முகம் கழுவிட்டு, சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வந்துடறேன். பத்து நிமிஷம். உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சாவியை எடுத்துக்கோ. முன்கதவு ரெண்டையும் பூட்டு."

"நீங்கதான் இங்கயே நிக்கிறீங்களே மாமா."

"நான் நின்னா? என்னைத் தள்ளிவிட எத்தனை ஆள் வேணும்? பூட்டு."

பூட்டினாள். வெல்டர் பின்கதவுக்குப் போனார். துருவுக்கு இரண்டு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. கையை நீட்டப் போனவர் நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் திரும்பு."

மூன்று நாளாக இதே வேலை. அவள் பேசாமல் மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

அந்தப் பின்கதவின் கதையைச் சொல்ல வேண்டும். தொழில் செய்த காலத்தில் இரண்டு தடவை கருவிகள் களவு போயின. மூன்றாம் தடவை வெல்டர் கடைப் பூட்டை நம்பவில்லை. தானே ஒன்று செய்தார். சாவி கிடையாது. நம்பர் பிளேட்டை இடப்பக்கம் ஒரு விரல் அகலம் தள்ள வேண்டும். டக். கீழ்க் கீலை முழங்காலால் அழுத்த வேண்டும். கிரீச். அழுத்தின காலை எடுக்காமல் கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். தடக். கதவு திறக்கும். கட்டின பெண்டாட்டிக்குக்கூட அந்த ரகசியத்தை அவர் சொன்னதில்லை. அவள் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது.

அது போதாதென்று, முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு நுழைகிறவன் உள்ளேயிருந்து திறந்துவிடுவான் என்று உள்கைப்பிடியை அறுத்து எறிந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே தகடு அடித்தார். காற்றுக்கு ஒரு கை அகலம் வலை விட்டார். தான் மறந்தாலும் கதவு மறக்கக் கூடாதென்று, தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங்கும் வைத்தார்.

மூன்று சத்தமும் கேட்டன. கதவைத் திறந்து, அது சாத்தாதபடி வண்டித் தளத்தின் ஓரத்தில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு வெல்டர் உள்ளே ஏறினார். மருமகள் கழிப்பறைப் பக்கம் போனாள்.

"வாடா ராஜா. தலையைத் தூக்கு. ஆட்டாதே. நாளைக்கு இந்நேரம் என் மூஞ்சியைப் பாத்துக் குரைப்பே, பாரு."

ஒரு கண்ணில் சொட்டு விழுந்தது. அடுத்த கண்ணுக்குப் போகும்போது ரோட்டில் ஒரு லாரி காது கிழிய ஹார்ன் அடித்தது. துரு திடுக்கிட்டுப் பின்வாங்கியது. பின்னங்கால் கட்டையில் பட்டது. கட்டை உருண்டது.

ஸ்பிரிங் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

முதல் ஒரு நிமிஷம் வெல்டருக்குப் பயமில்லை, வெட்கம்தான். யாராவது பார்த்தார்களா என்பது போல இருட்டில் சுற்றிப் பார்த்தார். பிறகு கதவைத் தட்டினார். தள்ளினார். தோளால் மோதினார். அவர் செய்த வேலை. அசையுமா?

வலை வழியாகப் பார்த்தார். போன் முன்பக்கம் கிடந்தது. தண்ணீர்க் கேன் ஓட்டுகிற சீட்டின் அடியில் நின்றது. வலைக்குள் இரண்டு விரல்தான் போனது. கருவிப் பெட்டியை, மெத்தை விரிக்க இடம் வேண்டுமென்று அவரே வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்.

தகரம் காய்ந்தது. துரு நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்தது. வெல்டர் சட்டையைக் கழற்றி விசிறினார். அனல்தான் புரண்டது. தன்வினை தன்னைச் சுடும் என்று சொல்லக் கேட்டிருக்கிறார். இவ்வளவு நேராகச் சுடும் என்று நினைத்ததில்லை.

"ஏம்மா! ஏய், டிரைவரம்மா!"

அவள் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்று, கழிப்பறை வாசலில் முப்பது பேர் வரிசை. பத்து நிமிஷம் இருபதாகிக்கொண்டிருந்தது. வண்டியோ யார் காதுக்கும் எளிதில் எட்டாத மதிலோரம். எல்லாரையும் விட்டுத் தள்ளி நிறுத்தச் சொன்னது யார்? அவர்தான்.

கையில் கிடைத்த மருந்துப் புட்டியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு குரல்.

"யாரு உள்ளே?"

"நான்தான்ப்பா! கதவு சாத்திக்கிச்சு. நாய் வேற இருக்கு."

"அடப் பாவமே. நான் அந்த மரத்தடி லாரிக்காரன். சத்தம் கேட்டு வந்தேன். சாவி எங்க தாத்தா?"

"சாவி இல்ல."

"அப்புறம் எப்படித் திறக்கறது?"

வெல்டர் வாயைத் திறந்தார். மூடினார். முப்பது வருஷ ரகசியம். அதுவும் ஒரு லாரிக்காரனிடம்.

துரு முன்னங்காலை மடித்துப் படுத்தது. வழக்கமாக அவர் கையைத் தேடி நக்கும். இப்போது தேடக்கூட இல்லை.

"நம்பர் பிளேட்டை இடப்பக்கம் தள்ளுப்பா!" என்று கத்தினார். "அப்புறம் கீழ்க் கீலை முழங்காலால அழுத்து, அழுத்திக்கிட்டே கைப்பிடியைத் தூக்கு!"

அவ்வளவுதான். கொட்டிவிட்டார். வெளியே பிளேட் நெளிகிற சத்தம் கேட்டது. கதவு குலுங்கியது. திறக்கவில்லை.

"எவ்வளவு அழுத்தணும் தாத்தா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்யா!"

அவர் கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. லாரிக்காரன் இழுத்தான், தள்ளினான், உதைத்தான். "கடப்பாரை எடுத்துட்டு வரேன், பயப்படாதீங்க" என்று ஓடினான்.

வெல்டர் துருவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன் கண்ணுக்கு வைத்தியம் பாக்கக் கூட்டிட்டு வந்தேன்டா" என்றார்.

செருப்புச் சத்தம். ஓட்டம்.

"மாமா?"

"ஏம்மா, கேளு! நம்பர் பிளேட்டை..."

"தள்ளி உக்காருங்க மாமா."

டக். கிரீச். தடக்.

வெளிச்சம் கத்தியாகப் பாய்ந்தது. வெல்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். லாரிக்காரன் நெளித்த பிளேட்டை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்தபடி, முழங்கால் கீலில் பதிந்தபடி, மருமகள் நின்றாள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேரமில்லை. அவள் துருவை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். இருபத்திரண்டு கிலோ. மரத்தடிக்கு ஓடினாள்.

கடப்பாரையோடு எதிரே வந்த லாரிக்காரன் அதைக் கீழே போட்டுவிட்டுத் தன் லாரியிலிருந்து தண்ணீர்க் கேனும் ஈரச் சாக்கும் கொண்டு வந்தான். சாக்கை விரித்து நாயைக் கிடத்தினார்கள். வயிற்றிலும் பாதத்திலும் காதிலும் தண்ணீர் விட்டார்கள். அந்த லாரிக்காரன் மண்டியிட்டு, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி, துருவின் வாயருகே காட்டினான்.

ஒரு வாய் குடித்தது. இன்னொரு வாய். பிறகு பலமாக ஒரு தும்மல் போட்டது. லாரிக்காரன் முகமெல்லாம் தண்ணீர்.

"பொழச்சுக்கிச்சு! தும்மிடுச்சுல்ல?" என்று அவன் சிரித்தான்.

வெல்டர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் நாயின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

மருமகள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"திட்டக் கூடாது மாமா."

"திட்டுறதுக்கு இப்ப எனக்குத் தெம்பு இல்ல. சொல்லு."

"ரெண்டு வருஷம் முன்னாடி ஏணியிலேர்ந்து விழுந்து இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தீங்கல்ல, நாப்பது நாள்?"

"ஆமா."

"இது நாலு நாள் பச்சைத் தண்ணி குடிக்கல. நான் வெச்சேன், உங்க பையன் வெச்சாரு, மோந்துகூடப் பாக்கல. அஞ்சாம் நாள் நேரா உங்க வண்டிக்கிட்ட போச்சு. நம்பர் பிளேட்டை மூக்கால இடப்பக்கம் தள்ளிச்சு. அப்புறம் கீழ்க் கீல்ல மூக்கை வெச்சது. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. 'உனக்கு முழங்கால் இருக்குல்ல, அழுத்தேன்'ங்கிற மாதிரி."

வெல்டர் துருவைப் பார்த்தார். உலகத்தில் அவர் நம்பிய ஒரே ஆள். திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்றது அது ஒன்றுதான். அதை மட்டும் அந்தப் பக்கம் திரும்பச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

"உள்ளே உங்க பழைய காக்கிச் சட்டை கிடந்துச்சு," என்று அவள் தொடர்ந்தாள். "அதுமேல ஏறிப் படுத்துக்கிட்டுத்தான் சாப்பிட்டுச்சு. காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவுல எனக்கு மூணு மணி நேரம் இருக்கும். தினமும் திறந்து, சாப்பாடு வெச்சு, அது முடிக்கிற வரைக்கும் கூடவே உக்காந்திருப்பேன். நான் எழுந்தா அதுவும் நிறுத்திடும்."

"கைப்பிடியில நான் அப்பல்லாம் செம்புக் கம்பி சுத்தி வெப்பேனே. எவனாவது தொட்டா தெரியணும்னு. வந்து பாத்தேன், வெச்சது வெச்சபடி இருந்துச்சு."

"மூணு சுத்து, வலப்பக்கமா. தினமும் பிரிச்சுட்டு அப்படியே சுத்தி வெப்பேன்."

'நாற்பது நாளும் என் நாய் யார் கையையும் எதிர்பார்க்கவில்லை, என்னைப் போல' என்று வெல்டர் இரண்டு வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லி வந்திருக்கிறார். இவளும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை.

"ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பூட்டை மாத்திடுவீங்க. அடுத்த தடவை உங்களுக்கு ஒண்ணுன்னா, இதுக்கு யாரு மாமா திறந்து விடுவாங்க?"

வெல்டர் தரையைப் பார்த்தார். ஓர் எறும்பு ஈரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

பதில் சொல்லும் சங்கடத்திலிருந்து லாரிக்காரன்தான் அவரைக் காப்பாற்றினான். "எங்க போறீங்க? ஆஸ்பத்திரிக்கா? நாலு மணிக்கா? நேர் ரோட்டுல பாலம் கட்றாங்க தாத்தா, மாட்டினா அஞ்சாயிடும். நான் அந்த வழியாத்தான் போறேன். என் பின்னாடியே வாங்க, குறுக்கு ரோடு காட்டறேன்."

மருமகள் மாமனார் முகத்தைப் பார்த்தாள். முன்பின் தெரியாத லாரிக்குப் பின்னால், முன்பின் தெரியாத ரோட்டில்.

"என்ன வாயைப் பாக்கறே? ஏறு. அவன் வண்டியை விட்டுடாதே," என்றார் வெல்டர்.

துரு இந்தத் தடவை பின்னால் போகவில்லை. முன்சீட்டில், அவர் மடியில், ஜன்னல் காற்றில் காதை விட்டுக்கொண்டு வந்தது. குறுக்கு ரோடு மண்ணும் மேடுமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் வெல்டர் வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டார். அவள் பள்ளத்தில் இறக்கி ஏற்றுவதை முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தார். மடியில் நாயின் தலை ஆடவில்லை.

இப்படித்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், மூன்று நாளாக.

பிரிகிற இடத்தில் லாரிக்காரன் கையை வெளியே நீட்டி ஆட்டினான். வெல்டர் தன் கையை முழங்கை வரை நீட்டி, லாரி புள்ளியாகிற வரை ஆட்டினார்.

ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

வெள்ளைக் கோட்டுப் பெண் டாக்டர் துருவின் நெஞ்சில் குழாயை வைத்தார். உடம்புச் சூடு பார்த்தார். ரத்தம் எடுத்தார். வெயிலில் அடைபட்ட கதையை மருமகள் ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் முகம் சுருங்கியது. மறுபடியும் சூடு பார்த்தார். வெல்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சரியான நேரத்துல தண்ணி விட்டிருக்கீங்க. உடம்பு தேறிடுச்சு, இதயமும் நல்லா இருக்கு. ராத்திரி இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு முதல் ஆபரேஷன் இவருக்குத்தான்."

நாயை 'இவர்' என்று சொன்ன டாக்டரை வெல்டருக்கு உடனே பிடித்துப்போயிற்று.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நன்றி என்கிற சொல்லை வெல்டர் கேட்டதெல்லாம் கூட்ட மேடைகளில்தான். மைக் பிடிக்கிறவன் கடைசியில் சொல்வது. வீட்டு மனுஷரிடம் அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வளையாது. தொண்டையைச் செருமினார். இரண்டு தடவை செருமினார்.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

"இல்ல மாமா. பன் வாங்கினேன். ஓடி வர்றப்ப நசுங்கிடுச்சு."

"கொண்டா."

நசுங்கின பன்னை அவர் இரண்டாகப் பிய்த்தார். ஒன்று பெரிதாக வந்தது. அதை அவளிடம் கொடுத்தார். இருவரும் தின்றார்கள். வயிற்றைவிட வேறெங்கோ நிறைந்தது மாதிரி வெல்டருக்கு இருந்தது.

"துருவுக்குப் பழைய சட்டை வேணும்மா. புது இடம், அது இல்லாம தூங்காது. வண்டியில கிடக்கு."

இரண்டு பேரும் வண்டிக்குப் போனார்கள். பழக்க தோஷம், வெல்டர் கை பிளேட்டுக்குப் போனது. வாயும் தானாகத் திறந்தது. "அந்தப் பக்கம்..."

நிறுத்திக்கொண்டார். கையை எடுத்தார். ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார்.

"நீயே திற."

மருமகள் இடுப்பில் கை வைத்தாள். "அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க மாமா."

"என்னது?"

"முப்பது வருஷ ரகசியம். கண்டவங்க முன்னாடி திறக்கலாமா?"

வெல்டர் அவளை முறைத்தார். பிறகு ஆஸ்பத்திரி மதிலைப் பார்த்துத் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மதிலுக்குத்தான் தெரியும், அவர் எப்படிச் சிரித்தார் என்று.

டக். கிரீச். தடக்.

நாலாவதாக ஒரு சத்தம். அவள் போன்.

"ஆங்... வந்து சேந்துட்டோம்ங்க. நல்லா இருக்கு. நாளைக்குக் காலையில..." குரல் இறங்கியது. "இல்லீங்க, இன்னும் சொல்லல. பயம் எல்லாம் இல்ல இப்ப. இன்னிக்கே சொல்லிடறேன்."

நேற்றைய வெல்டராக இருந்தால் இந்நேரம் திரும்பி, போனைப் பிடுங்கி, என்னடி ரகசியம் என்று கேட்டிருப்பார்.

அவர் திரும்பவில்லை. சொல்கிறபோது சொல்லட்டும் என்று, மதிலைப் பார்த்தபடியே நின்றார்.

(தொடரும்)